குந்தாவுக்குப் போன ஏழாம் நம்பர்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் என்னை ஊட்டிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். காது கேளாதவர்களுக்கு உடல்நலச் செய்தி சொல்கிற வேலையை இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். ஒரு பெண் கேமரா முன்னால் நின்று கையாலும் முகத்தாலும் பேசுகிறாள். அரை நிமிட வீடியோதான். பந்தலூரில் இருக்கிறவருக்கு அது உடனே போய்ச் சேர்கிறது. புரியவில்லை என்றால் அவர் அங்கிருந்தே கை அசைத்துக் கேட்கிறார், இவள் பதில் சொல்கிறாள். எல்லாம் பார்த்து முடித்ததும் ஒருத்தி, "நீங்க வெறும் நம்பரை அனுப்பியாம்மா இந்த வேலையைப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆமாம் கண்ணு, நம்பரைத்தான் அனுப்பினோம், அதில் ஒரு தடவை உயிரே போயிருக்கும் என்றேன். சிரிப்பு நின்றது.

அந்தக் காலம்போல வருமா என்று நான் பெருமூச்சு விடுவேன் என எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. விடமாட்டேன். அந்தப் பட்டன் போனும் நம்பரும் ஒழிந்ததில் எனக்கு அப்படியொரு நிம்மதி. அது ஏன் என்று எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துப் பெண். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்து, ஒரு எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்டாகப் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தேயிலை விலை படுத்தது. முதலில் சம்பளம் தள்ளிப்போனது, அப்புறம் பாதியானது, கடைசியில் ஆபீஸைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில் மார்க்கெட்டுக்கு மேலே மாடியில் ஒரு சின்ன தொண்டு நிறுவனம் டைப்பிஸ்ட் தேடியது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, டைப் அடிக்க வேண்டியது போனில் என்று. மூன்று வாரம் சைகை சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பாதிதான் வந்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டரம்மா. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவர். கோயமுத்தூர்க்காரர். மற்றவர்கள் கோபம் வந்தால் மரியாதையை விட்டுவிடுவார்கள், இவருக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை கூடும். "கமலா, இங்க வா" என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "கமலா, கொஞ்சம் வாங்க" என்றால் நான் எதிலோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

மலையில் வேலை இல்லாமல் போனதால்தான் வீடுகளுக்குப் போன் வந்தது என்று சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள். புருஷன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் இருக்கிற காது கேளாத பெண்டாட்டிக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். மெசேஜ் வந்தால் போன் உதறும், அவள் எடுத்துப் பார்ப்பாள். இதைப் பார்த்துத்தான் போனில் உடல்நலச் செய்தி அனுப்பும் யோசனையே டாக்டரம்மாவுக்கு வந்தது.

முதல் மெசேஜை நான் எழுதினேன். அப்போதைய போனில் தமிழ் எழுத்து வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். நாளைக்குப் போலியோ சொட்டு மருந்து, பிள்ளையைக் கூட்டி வாருங்கள் என்று அழகாக அடித்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "எனக்குப் புரியுது. அனுப்பறதுக்கு முன்னாடி யூசுப் பாய்கிட்ட காட்டணும்" என்றார்.

யூசுப் பாய் மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருந்தார். சின்ன வயதிலேயே காது போனவர். காது கேளாதவர்கள் பள்ளியில் தமிழ் படித்தவர். நாங்கள் போனபோது ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். தையல் முடிந்து அவரே தலை நிமிரும்வரை டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். பாய் போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இவருக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று நான் வாயைத் திறப்பதற்குள், டாக்டரம்மா அதே வாசகத்தை ஒரு தாளில் தமிழில் எழுதி நீட்டினார். பாய் ஒரு பார்வை பார்த்தார். மடியில் பிள்ளையைப் படுக்கவைத்து, வாயைத் திறந்து, இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் தமிழை நாம் மனசுக்குள் உச்சரித்துப் புரிந்துகொள்கிறோம். உச்சரிப்பையே கேட்டறியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். திரும்பி வந்ததும் அந்த மெசேஜை அழித்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கார்டு. இருபது படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அடியில் தமிழில் ஒரு வரி. லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கயிறு கட்டிச் சுவரில் மாட்டும்படி கொடுத்தோம். பதிவேட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே கார்டு. நாங்கள் நம்பரை மட்டும் அனுப்புவோம். அவர்கள் கார்டைப் பார்த்துவிட்டு, புரிந்தது என்பதற்கு அடையாளமாக அதே நம்பரைத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒவ்வொரு படமும் யூசுப் பாயின் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். டாக்டரம்மா அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். படத்தைக் கையில் கொடுத்த பிறகு நாங்கள் யாரும் கையை அசைக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. காது கேளாதவர்கள் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள், நம் முகத்தைப் பார்த்தே விடையைப் பிடித்துவிடுவார்கள், அப்புறம் படம் நன்றாக இருப்பதாக நாம் ஏமாந்துபோவோம் என்பார். பாய் நடித்துக் காட்டுவது நாங்கள் நினைத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கிழித்துவிடுவார். தண்ணீர்க் குடத்தின் மேல் பெருக்கல் குறி போட்டு ஒரு படம் வரைந்தேன், கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்காதே என்று சொல்வதற்கு. பாய் அதைப் பார்த்துவிட்டு முனிசிபாலிட்டிக்காரனைத் திட்டுவதுபோலக் கையை ஆட்டினார். இன்றைக்குத் தண்ணீர் வராது என்று புரிந்துகொண்டிருக்கிறார். கிழிந்தது. நான்காவது தடவைதான் அந்தப் படம் தேறியது.

ஏழாம் நம்பர் முதல் தடவையே தேறிய படம். ஒரு கை வாயில் மாத்திரை போடுகிறது, பக்கத்தில் சூரியன். அடியில், "மாத்திரை போடவும். ஒரு நாளும் விடக் கூடாது." பாய் விழுங்கிக் காட்டி, விரலை எண்ணி எண்ணி நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்றெல்லாம் காட்டினார். டாக்டரம்மா, "படம்னா இதுதான், கமலா" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. யாருக்கு மாத்திரை, என்ன மாத்திரை என்று அதில் வேண்டுமென்றேதான் போடவில்லை. வீட்டில் இருக்கிற போனை நாலு பேர் எடுத்துப் பார்ப்பார்கள், ஒருத்தருடைய சீக்கு ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. அதில் தப்பும் இல்லை.

ஏழாம் நம்பரைத் தினமும் வாங்கியவர்களில் ஒருவன் மகேந்திரன். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட்டின் லயன் வீட்டு வரிசையில் இருந்தான். சிலோனில் இருந்து திரும்பி வந்த குடும்பம். காதும் கேட்காது, வலிப்பும் உண்டு. மெஷின் பக்கத்தில் விழுந்துவிடுவான் என்று ஃபேக்டரியில் அவனைச் சேர்த்ததே இல்லை. கொழுந்து பறிக்கப் போனால் கங்காணி திட்டுவான். எங்கள் மருத்துவ முகாமில் அவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தோம். காலையில் நான் ஏழு அனுப்பினால் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் ஏழு திரும்பி வந்துவிடும். ஒரு வருஷமாக வலிப்பே இல்லை. நாங்கள் எங்கே போனாலும் அவனைப் பற்றித்தான் பெருமை அடித்துக்கொள்வோம்.

அப்படி நான் யாரிடமோ பெருமை அடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ரங்கம்மா படியேறி வந்தார். குந்தாப் பக்கத்தில் இருந்து வருகிறவர். மகனுக்குத் திருப்பூரில் வேலை. மருமகள் ஜெயந்தி காது கேளாதவள், எங்கள் பதிவேட்டில் இருக்கிறவள், அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு நாங்கள் மாதம் ஒரு தடவை மூன்றாம் நம்பர் மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். பரிசோதனைக்கு வா என்று அர்த்தம்.

ரங்கம்மாவுக்குச் சர்க்கரை நோய். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரை பாதி மாதத்திலேயே தீர்ந்துவிட்டது என்று திரும்ப வாங்கப் போயிருக்கிறார். அங்கே நன்றாகத் திட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடு எங்களிடம் வந்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், எம்பட மாத்திரைய எம்மருமவ எடுத்துத் திங்கறாளுங்க. நீங்கதான தெனமும் திங்கச் சொல்லிப் போன்ல அனுப்பறீங்க?"

நான் அனுப்பவில்லை என்றேன். அவர் விடவில்லை. தினமும் காலையில் போன் உதறுகிறதாம். அவள் எடுத்துப் பார்க்கிறாளாம், கார்டில் ஏழாவது படத்தைப் பார்க்கிறாளாம், உள்ளே போய் எதையோ எடுத்து விழுங்குகிறாளாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேலேயே இருக்கும் என்றார்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஜெயந்தியின் பேருக்கு நேரே ஏழு என்று எங்கேயும் இல்லை. உள் அறையில் இருந்து டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே வந்தார். சர்க்கரை நோய் இல்லாத உடம்பில் அந்த மாத்திரை போனால் இருக்கிற சர்க்கரையும் இறங்கிவிடும், மயங்கி விழலாம், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. இது எனக்கும் தெரியும். அவர் அதையெல்லாம் சொல்லவில்லை.

"கமலா, நீங்க போய் யூசுப் பாயைக் கூட்டிட்டு வந்து ஜீப்ல ஏறுங்க."

நீங்க என்றதும் நோட்டைக்கூட மூடாமல் தையல் கடைக்கு ஓடினேன். பாய் கத்தரித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கின டேப்போடு வந்து ஏறினார்.

குந்தா போகிற வழியெல்லாம் அந்த வருஷங்களில் பார்க்கவே சகிக்காது. கவாத்து வெட்ட ஆள் இல்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து நின்றன. நான் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. படம் வரைந்தவள் நான். மாத்திரை போடு, ஒரு நாளும் விடாதே என்று எழுதினவள் நான். எந்த மாத்திரை என்று எழுதாதவளும் நான்தான். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை வேறு.

டாக்டரம்மா ஜெயந்தியின் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கிராம நர்ஸ் எழுதியிருந்தார். உடம்பில் ரத்தம் மிகக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாகிவிட்டது, சாப்பிடுவதாகத் தெரியவில்லை. "இந்த ரத்தத்தோட பிரசவம்னாலே எனக்குப் பயம். இதுல இது வேற" என்றார். பிறகு ரங்கம்மா பக்கம் திரும்பி, மருமகளுக்கு வேர்த்து வடிகிறதா, கை நடுங்குகிறதா, மயக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான் பத்து நாளா கிறுகிறுன்னு வருதுங்க" என்றார் ரங்கம்மா.

டாக்டரம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பையில் இருந்து கடலை மிட்டாய் எடுத்து, இதை முதலில் சாப்பிடுங்கள் என்று கையில் கொடுத்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இருந்த பதற்றத்தில் எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

வீட்டில் ஜெயந்தி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். நின்றுகொண்டிருக்கிறாளே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் டாக்டரம்மா யூசுப் பாய் கடையின் சட்டத்தை அங்கேயும் போட்டார். யாரும் பேசக் கூடாது, கையை அசைக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. நாம் பயந்திருக்கிறோம் என்று தெரிந்தால் அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டிவிடுவாள், உண்மை வெளியே வராது. பாய் மட்டும் சைகையில் கேட்டார். காலையில் போன் உதறினால் நீ என்ன செய்வாய், அப்படியே செய்து காட்டு.

ஜெயந்தி தலையணைக்கு அடியில் இருந்து போனை எடுப்பதுபோலக் காட்டினாள். சுவரில் இருந்த கார்டில் ஏழாவது படத்தைத் தொட்டாள். உள்ளே போனாள். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டப்பாவைத் திறந்தாள். சிவப்பு மாத்திரை. நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. ஒன்றைத் தொட்டுக் காட்டி, வாயில் போட்டு, தண்ணீர் குடிப்பதாகக் காட்டினாள். ஒரே ஒன்று என்று விரலையும் காட்டினாள்.

டாக்டரம்மா மாத்திரை அட்டையை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்பக்க எழுத்தை இரண்டு தடவை படித்தார். காலி அட்டைகளை எண்ணினார். ஜெயந்தியை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "வா கமலா, வந்து பாரு. செவப்பு ஏறியிருக்கு" என்றார். வா என்றதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐயோ சாமி, பிழைத்தோம் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆனால் ஜெயந்தி இன்னும் முடிக்கவில்லை. நீங்கள் கேட்டீர்களே என்பதுபோல மேலும் நடித்தாள். மாமியாரைச் சுட்டிக் காட்டி, அவர் நடப்பதுபோலவே இடுப்பில் கை வைத்து நடந்து, அலமாரியில் இருந்து எடுத்து, முகத்தைச் சுளித்து, ஒரு மாத்திரையை விழுங்கிக் காட்டினாள். மூன்று பேரும் திரும்பி ரங்கம்மாவைப் பார்த்தோம்.

"ஆமாங்க, அவ போடறப்ப நானும் எம்பட மாத்திரைல ஒண்ணு போட்டுக்குவேனுங்க. ஒரு நாளும் விடக் கூடாதுன்னு கார்டுல எழுதியிருக்குதுங்களே. அது போனுக்குப் போடறதுங்க. சாப்பாட்டுக்குப் போடறது தனிங்க."

டாக்டரம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் ரங்கம்மாவை உட்கார வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று அவர் வாயாலேயே மூன்று தடவை சொல்ல வைத்தார்.

ஜெயந்தியின் போனைப் பார்த்தோம். ஏழு, ஏழு, ஏழு என்று வரிசையாக இருந்தது. அனுப்பியவன் பந்தலூர் மகேந்திரன். இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்று பாய் கேட்டுச் சொன்னார்.

அந்த வாரமே நான் பாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பந்தலூர் போனேன். அவனை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் லயன் வாசலில் இருந்தே கை அசைத்தான். உடம்பு தேறியிருந்தான். "மிச்சம் சுகமா, நல்லா இருக்கான் அம்மா இப்ப" என்று அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எல்லா வார்த்தையும் மறந்துவிட்டது.

பாய் கேட்டதற்கு அவன் ஒளிக்காமல் சொன்னான். இந்த ஏழு வர ஆரம்பித்த பிறகுதான் தனக்கு வலிப்பு நின்றது. பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஆறு பேர் போன் வைத்திருக்கிறார்கள். அதில் ஜெயந்தி மாசமாக இருக்கிறாள், சோகையாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டான். தனக்கு நல்லது செய்தது அவர்களுக்கும் செய்யட்டும் என்று, வந்த கையோடு தினமும் ஆறு பேருக்கும் அனுப்பினான். லயனில் ஒரு வீட்டில் பலா பழுத்தால் பத்து வீட்டுக்கும் சுளை போகும். அவன் மெசேஜையும் அப்படித்தான் பங்கு வைத்திருக்கிறான்.

ஒரு மெசேஜைப் பார்த்து ஆள் என்ன செய்வார் என்று யூசுப் பாயை வைத்து எத்தனையோ தடவை சோதித்தோம். பார்த்துவிட்டு அதை யாருக்கு அனுப்புவார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நாங்கள் காது கேட்கிறவர்கள், போனை எடுத்தால் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அவர்களுக்கோ இரண்டு மலை தள்ளி இருக்கிற சிநேகிதிக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடிந்ததே வாழ்க்கையில் அப்போதுதான். வந்ததையெல்லாம் அனுப்பாமல் என்ன செய்வார்கள்?

மற்ற ஐந்து பேரையும் தேடிப் பார்த்தோம். நால்வர் வீட்டில் மாத்திரை என்று எதுவும் இல்லாததால் ஒன்றும் செய்யவில்லை. ஒருத்தி கார்டை எடுத்துக்கொண்டு நர்ஸிடமே போய், எனக்கு ஏன் மாத்திரை தரவில்லை என்று சண்டை போட்டிருக்கிறாள். இனி யாருக்கும் அனுப்பக் கூடாது என்று மகேந்திரனிடம் பந்தலூரிலேயே பாயைக் கொண்டு சொல்லியிருந்தேன். அவனும் உடனே தலையாட்டியிருந்தான். வேலை முடிந்தது என்று நான் மூன்று நாள் கழித்து ஊட்டிக்குத் திரும்பி, டாக்டரம்மாவிடம் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"அவன் நிறுத்திட்டான், சரி. குந்தாவுல அந்தப் பொண்ணுக்கு ஏழு வரலைன்னா மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்கன்னுதானே நெனைப்பா? அவளுக்கு யாருங்க அனுப்பறது?" என்றார் டாக்டரம்மா.

என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நிஜமாகவே ஜெயந்தி மூன்று நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தாள். அன்று மாலையே ஜீப்பில் போய்க் காலண்டரில் பிரசவம்வரை ஒவ்வொரு நாளையும் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் இருந்து நானே அவளுக்கு ஏழு அனுப்பினேன். எல்லோருடைய கார்டிலும் ஏழாவது படத்துக்குப் பக்கத்தில் அவரவர் மாத்திரையின் காலி அட்டையை ஒட்டினோம், அந்த அட்டையில் இருப்பதை மட்டும்தான் போடவேண்டும் என்று. ரங்கம்மா தனக்கும் ஒரு கார்டு வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

ஐந்து வாரம் தினமும் ஏழு போனது, ஏழு வந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் அனுப்பினேன். பதில் வரவில்லை. காபி ஆறிப்போனது. சிக்னல் இல்லாமல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பத்து மணிக்கு மறுபடி அனுப்பினேன். பிரசவத்துக்காகத் திருப்பூரில் இருந்து வந்திருந்த அவள் புருஷனின் போனுக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. டாக்டரம்மா வழக்கமாக மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அன்று போகவில்லை. என் மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே படித்த பேப்பரைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். குந்தாவில் இருந்து ஊட்டிக்கு அந்த ரோட்டில் வலியோடு வருவது என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு மேல் போன் உதறியது. ஜெயந்தியின் நம்பர். ஏழு இல்லை. பன்னிரண்டு என்று இருந்தது.

கார்டில் பன்னிரண்டு என்பது கைக்குழந்தைக்கு ஊசி போடும் படம்.

நான் போனை நீட்டினேன். டாக்டரம்மாவுக்கு இருபது படமும் மனப்பாடம். இருந்தாலும் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கார்டைப் பார்த்துவிட்டு வந்தார். "பொறந்தாச்சு கமலா" என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

வார்டு வாசலில் ரங்கம்மா துணிமூட்டையாகப் பேத்தியை வைத்துக்கொண்டு நின்றார். பிரசவம் பார்த்த லேடி டாக்டர், டாக்டரம்மாவின் பழைய மாணவி. ரத்தம் நிறையப் போய்விட்டது, ஆனால் தாங்கிக்கொண்டாள், இப்போது பயம் இல்லை என்றார். முதலில் நர்ஸ் எழுதியிருந்த அளவு ரத்தத்தோடு வந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொன்னார். டாக்டரம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் உள்ளே போனேன். ஜெயந்தி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளையைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்து, காலையில் நான் அனுப்பியிருந்த ஏழாம் நம்பரை எனக்குக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அன்றைய மாத்திரையை இன்னும் யாரும் கொடுக்கவில்லையாம்.

வார்டு நர்ஸ், சாப்பிட்டுவிட்டாள், தாராளமாகக் கொடுக்கலாம் என்று ஒரு சிவப்பு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். நான் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினேன். விழுங்கினாள். படுத்தபடியே போனில் எதையோ அமுக்கினாள். என் கையில் இருந்த போன் உதறியது. ஏழு.